ரெண்டாவது சுழி

நான் கோவக்காரன். அலுவிகாரைச் சந்தியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நளீமோட த்ரீவீல்ல ஏறினா வாயைப் பொத்திக்கிட்டு வரணும்னு. இந்தப் பதினாறு வருஷத்துல நான் குரலை உசத்தாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஞானாம்பிகை மிஸ்தான். அவங்க மேல கோவப்படுற உரிமை எனக்கு இல்ல. ஏன்னு என் பொண்டாட்டி ஹமீமாவுக்கே தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்கு மிஸ் எங்க வாசல்ல வந்து நின்னாங்க. கச்சேரியில, அரசாங்க ஒஃபிஸ்ல, வேலை செஞ்ச காலத்துல கட்டுற மாதிரி மடிப்புக் கலையாத சேலை. ஒரு கையில குடை. இன்னொரு கையில பழைய தோல் பேக்.

"தம்பி, லக்கலைக்கு ஒருக்காப் போகவேணும்."

"லக்கலைக்கா? யானை நடக்குற ஊர்ல உங்களுக்கு என்ன மிஸ் வேலை?"

"என்ர பிள்ளை அங்க இருக்கிறானாம்."

என் கையில தேத்தண்ணிக் கோப்பை இருந்திச்சு. அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நான் முழிச்சேன்.

மிஸ்ஸோட பிள்ளை சுஜிதன். ஒரே மகன். தகப்பன் உருத்திரமூர்த்தி பையனோட சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார். ரெண்டாயிரத்து ஆறுல, பத்தொன்பது வயசுல, சின்னம்மா மகளோட கல்யாணத்துக்குக் கிளிநொச்சிக்குப் போனான். ஒரு கிழமையில, ஏழே நாள்ல வர்றேன்னு போன பையன். அந்தக் கிழமைதான் ரோட்டைப் பூட்டினாங்க. எங்க வீட்டு முன்னால ஓடுதே, இதே ஏ-ஒன்பது ரோட்டைத்தான். பூட்டின ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவனை இயக்கம் பிடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. சண்டை முடிஞ்ச பிறகு அவன் இருக்கானா இல்லையான்னு ஒரு கடுதாசித் துண்டுகூட இல்ல.

அதுக்கப்புறம் மிஸ் ஏறாத ஒஃபிஸ் இல்ல, போகாத கோயில் இல்ல. காணாமப் போன பிள்ளைங்க படத்தைப் பிடிச்சிக்கிட்டு வெயில்ல உக்காந்த தாய்மாருங்களோட உக்காந்தாங்க. யார் கூட்டிக்கிட்டுப் போனது? நான். சிங்கள ஃபோர்ம் எல்லாம் நிரப்பிக் குடுத்தது? நான். ஊர்ல சொல்லுவாங்க, நளீம் வாய்தான் கெட்டது, மனசு தங்கம்னு. கேக்குறப்பல்லாம் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு ஓடிடுவேன்.

அந்தப் பையன் உசுரோட இருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். இந்த உலகத்துல அவனைப் பத்திக் கடைசியா எதையாவது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

"யார் மிஸ் சொன்னது, லக்கலையில இருக்கான்னு?"

ஒரு மாசமா ஒருத்தன் ஃபோன் பேசுறானாம். பெரிய இடத்து ஆளாம். லக்கலைக்கு அங்கால ஒரு பண்ணையில கொஞ்சப் பேரை வச்சிருக்காங்களாம், அதுல சுஜிதன் ஒருத்தனாம். பதினொரு மணிக்கு லக்கலைப் புது டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவானாம்.

"சும்மா காட்டுவானா?"

மிஸ் பேக்கைக் கொஞ்சம் திறந்து காட்டினாங்க. வீட்டு உறுதிப் பத்திரம். அதை அவன் சொல்ற ஆளுக்கு எழுதிக் குடுத்துடணுமாம்.

எனக்குத் தலைக்கு ஏறிச்சு. எழுபத்தி நாலு வயசு. இருதய வருத்தம். மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வீடு. அதையும் உருவிக்கிட்டு நடுத்தெருவுல விடப் பாக்குறான் ஒரு ஹராங்குட்டி. "பொலிசுக்குப் போவோம்"னேன். போனா பிள்ளையை இடம் மாத்திடுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கான். "வண்டியில பிரேக் சரியில்ல"ன்னு பொய் சொல்லிப் பாத்தேன்.

"அப்ப நான் நாவுலைக்கு பஸ்ஸில போறன். அங்கயிருந்து ஒரு பஸ் இருக்காம்."

"அந்த பஸ் வந்தா வரும், வராட்டி இல்ல மிஸ்!"

"வராட்டி நடக்கிறன்."

நடப்பாங்க. அந்தப் பொம்பளை நடந்தே போவாங்க. நான் வண்டியை எடுத்தேன். லக்கலைக்குப் போறதுக்குள்ள அவங்களை எப்படியாவது திருப்பிடணும்னு ஒரே நெனப்பு. எப்படித் திருப்புறது? ஒரே ஒரு வழிதான் இருந்திச்சு. அந்த வழியைத்தான் பதினாறு வருஷமா என்னால தொறக்க முடியல.

நான் படையில இருந்தது ஊருக்குத் தெரியும். மொழிபெயர்ப்பு வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். அது பாதி உண்மை.

என் அண்ணன், ஜுனைதீன் நானா, கொழும்புல பஸ்ஸுக்குள்ள வச்ச குண்டுல மவுத்தானார். உம்மா கையில குடுத்தது அவரோட ஒத்தைக் கால் சப்பாத்தை மட்டுந்தான். அந்த வெறியிலதான் போய்ச் சேர்ந்தேன். தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆளுங்க வேணும்னு எங்களை நாலு பேரை ஒரு தகரக் கொட்டகையில உக்கார வச்சு, காதுல ஹெட்போனை மாட்டிவிட்டாங்க. இயக்கம் ரேடியோவுல பேசுறதைக் கேட்டு எழுதணும். அவ்வளவுதான் வேலை.

பேச்சா இருந்தா எழுதிடலாம். முக்கியமான செய்தி எல்லாம் நம்பர்ல வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். இன்னைக்கு இருக்கிற நம்பர் நாளைக்கு இருக்காது. அந்தப் பக்கத்துல ஒரு பொடியன் இருந்தான். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நிதானமா நம்பர் சொல்லுவான். எப்பவும் கொஞ்சம் தடிமல் பிடிச்ச, மூக்கடைச்ச குரல். பேர் தெரியாது. பெரிய செய்தி எல்லாம் அவன் வழியாத்தான் போச்சு.

அவன்கிட்ட ஒரு பழக்கம். செய்தி என்னவா இருந்தாலும் முதல் ரெண்டு நம்பரும் ஒண்ணு. திங்கக்கிழமை "முப்பத்தி நாலு, முப்பத்தி நாலு." செவ்வாய்க்கிழமை "பன்னெண்டு, பன்னெண்டு." மத்தவங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. மேலதிகாரி அது யாரையோ கூப்பிடுற அடையாளமா இருக்கும்னார். மூணு மாசம் மண்டையை உடைச்சோம். படிச்சவங்க கொழும்புல இருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒண்ணும் நடக்கல.

அப்பதான் என்னோட படிச்ச பழனிமுத்து கல்யாணக் கார்டு அனுப்பினான். பிரிச்சா, மேல நடுவுல ஒரு 'உ'. பிள்ளையார் சுழி. இவன் பள்ளிக்கூடத்துல கணக்குப் பேப்பர்லயும் இதைப் போட்டுத்தான் தொடங்குவான். "சுழி போட்டா மார்க் கூடுமாடா?"ன்னு எத்தனை தடவை நக்கலடிச்சிருப்பேன்! கார்டைக் கையில வச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். ஒரு சிங்கள அதிகாரிக்கு இது எந்தக் காலத்துலயும் தோணாது. மாத்தளையில தமிழ்ப் பிள்ளைங்களோட ஒரே வாங்குல உக்காந்து படிச்ச எனக்குத் தோணிச்சு.

எதுக்கு ரெண்டு தடவைன்னு மட்டும் புரியல. இருந்துட்டுப் போகட்டும்னு முதல் ரெண்டையும் 'உ'ன்னு வச்சுப் பாத்தேன். இன்னைக்கு உ முப்பத்தி நாலுன்னா, அடுத்த எழுத்து ஊ முப்பத்தஞ்சு, அதுக்கடுத்தது எ முப்பத்தாறு. வரிசையா எண்ணிக்கிட்டே போனேன். அரை மணித்தியாலத்துல 'ரெண்டு படகு, வெள்ளி'ன்னு வந்திச்சு. நான் போட்ட கூச்சல்ல வாசல்ல காவலுக்கு நின்னவன் துவக்கைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடி வந்தான்.

வெள்ளிக்கிழமை அந்த ரெண்டு படகும் அடிபட்டுப் போச்சு. அதுக்கப்புறம் எண்ணெய் வச்சிருந்த இடம். ஆள் கொறஞ்ச பக்கம் எதுன்னு தெரிஞ்சு அந்தப் பக்கமாவே படை நடந்திச்சு. சண்டை ஒரு வருஷமாவது முன்னால முடியுதுன்னா அது உன்னாலதான்னு மேலதிகாரி என் முதுகுல தட்டினார். இருக்கலாம். அதனால உசுரோட வீட்டுக்கு வந்த பிள்ளைங்க எத்தனையோ பேர். அதை நான் இல்லைங்க மாட்டேன். நானாவுக்குப் பதில் குடுத்துட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன், கடைசி மாசம் வரைக்கும்.

கடைசி மாசம் அவன் அனுப்பின ஒரு செய்தியிலதான் அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. மாத்தளைக்காரன். எங்க ஊர்க்காரன்.

நாவுலையில வலப்பக்கம் திரும்பின பிறகு ரோட்டுல ஆள் நடமாட்டம் கொறஞ்சிருச்சு. யானைக்குப் போட்ட மின்சார வேலி ஒரு பக்கமா கூடவே வந்திச்சு. கண்ணாடியில பாத்தேன். மிஸ் பேக்கை மடியில கட்டிப் பிடிச்சிக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வெளிய எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு வந்தாங்க. "அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு, தம்பி. என்னை அடையாளம் தெரியுமோ?"ன்னு கேட்டாங்க. என்னால முடியல. அல்லாஹ்வே, என்னால முடியல. ரோட்டோரம் ஒரு புளிய மரத்தடியில வண்டியை ஓரங்கட்டிட்டேன்.

"என்ன, வண்டி நிண்டுட்டுதோ?"

"மிஸ், அவன் பொய்க்காரன். திரும்பிடுவோம்."

"பொய்யெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களுக்கு எப்படி உண்மைன்னு தெரியும்? எதையாவது காட்டினானா? படம்? குரல்?"

"கடிதம் வந்தது."

பேக்குக்குள்ள உறுதிக்கு அடியில இருந்து ஒரு கடுதாசியை எடுத்தாங்க. இத்தனை வருஷத்துல மகனைப் பத்தி எவ்வளவோ சொல்லியிருக்காங்க, ஆனா அவன் எழுதின ஒண்ணையும் எனக்குக் காட்டினதில்ல. கொப்பி, கடுதாசி எல்லாத்தையும் அலுமாரியில பூட்டி வச்சிருக்காங்க. இதைத்தான் முதல் தடவையா என் கையில தந்தாங்க.

'அன்புள்ள அம்மா, நான் நல்ல சுகம். நீங்கள் இவர் சொல்கிறபடி செய்யுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்கள் மகன் சுஜிதன்.'

மேல பாத்தேன். கீழ பாத்தேன். திரும்பவும் மேல பாத்தேன். வெறும் கடுதாசி. பதினாறு வருஷமா அடக்கி வச்ச கோவம் எல்லாம் ஒரேயடியா வாயால வந்திருச்சு.

"இதையா மிஸ் நம்பி வந்தீங்க? வீட்டை எழுதிக் குடுக்க வந்தீங்க? கண்ணு தெரியலையா உங்களுக்கு? இது உங்க மகன் எழுதினது இல்ல! எங்க, மேல ரெண்டு 'உ' எங்க? அவன் ரெண்டு சுழி போடாம ஒரு வரி எழுதுவானா?"

என் சத்தத்துக்கு மரத்துல இருந்த காக்கா எல்லாம் எழும்பிப் பறந்திச்சு.

மிஸ் கடுதாசியைத் திரும்ப வாங்கி மடிச்சாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க, "ஓம். இல்லை. உறையைப் பிரிச்ச உடனயே கண்டனான்."

"கண்டீங்களா? பிறகு எதுக்கு மிஸ் இந்த வெயில்ல, இந்தக் காட்டுக்கு..."

"போகாமல்? வீட்டில இருந்து என்ன செய்யிறது, தம்பி? பொய்யெண்டாலும் போற வழியில ஒரு மூண்டு மணித்தியாலம் அவன் இருக்கிறான்தானே."

மிஸ் சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சிக்கிட்டு என்னை நேராப் பாத்தாங்க. கச்சேரியில ஃபைலைப் பாத்த பார்வை.

"பிள்ளையார் சுழி போடுறவை எத்தினையோ பேர். எல்லாரும் ஒண்டுதான் போடுறவை. என்ர பிள்ளை ரெண்டு போடுறவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

யா அல்லாஹ். வாயை விட்டுட்டேன். வேற எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம்னு தேடினேன்.

"நான் சொல்லேல்ல. அவனை நீங்கள் கண்டதுமில்லை. நீங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தது சண்டை முடிஞ்சாப் பிறகு. அவன் இருக்கேக்க நீங்கள் படையில இருந்தனீங்கள்." அவங்க முன்னால சாஞ்சாங்க. "நளீம், சொல்லுங்கோ. அவன்ர எழுத்தை எங்க பாத்தனீங்கள்?"

"பாக்கல மிஸ். கேட்டேன்."

சொன்னேன். கொட்டகை, ஹெட்போன், நம்பர், பழனிமுத்துவோட கார்டு, படகு, எல்லாத்தையும் சொன்னேன். ரோட்டுல ஒரு லொறி போச்சு, அதோட தூசி எங்க ரெண்டு பேர் மேலயும் வந்து படிஞ்சிச்சு. நான் நிறுத்தல. நிறுத்தினா திரும்பத் தொடங்க மாட்டேன்னு தெரியும்.

"ஏன் ரெண்டுன்னு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது மிஸ்."

"முதலாம் வகுப்பில," அவங்க சொன்னாங்க, "சுழி போடப் பழக்கினன். பிள்ளையாருக்கு மட்டும் ஏன் போடவேணும், அம்மாவுக்கும் போடவேணும் எண்டு அடம் பிடிச்சு அழுதவன். அண்டையில இருந்து ரெண்டு. ஒண்டு பிள்ளையாருக்கு. மற்றது எனக்கு."

சொல்லி முடிச்சதும் அவங்க முகம் மாறிச்சு. என் முகமும் மாறியிருக்கும். ஒரு சுழி மட்டும் போட்டிருந்தா எங்களுக்கு அது கண்ணுல பட்டே இருக்காது. ரெண்டு ஒண்ணா வந்ததாலதான் பிடிச்சோம்.

"அப்ப, எனக்குப் போட்ட சுழிதான் அவனைக் காட்டிக் குடுத்ததோ?"

"அவன் இல்ல மிஸ். நீங்களும் இல்ல. நான். நான்தான்."

மிச்சத்தையும் சொன்னேன். கடைசிச் செய்தி ஒரு புதன்கிழமை காலையில வந்திச்சு. 'உ உ. மாத்தளை கச்சேரி ஞானாம்பிகைக்குச் சொல்லவும். அம்மா, நாளைக்கு விடிய ஆறு மணிக்கு, முறிஞ்ச பனையடியால, சனத்தோட களப்புத் தண்ணியைக் கடந்து வாறன். வெள்ளைத் துணி பிடிச்சு வருவம். பயப்பிடாதேங்கோ. சுஜி.' இயக்கத்துப் பக்கத்துல அதை வாங்கிக்க அன்னைக்கு யாருமே இல்ல. நாங்க கேக்குறோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்களுக்குத்தான் அனுப்பினானோ என்னமோ.

"எங்களுக்கு ஒரு ஃபோர்ம் இருந்திச்சு மிஸ். கேட்ட செய்தியை அதுலதான் எழுதிக் குடுக்கணும். நாலு கட்டம். நேரம், இடம், போற திசை, ஆயுதம். அவ்வளவுதான். அம்மாவுக்குக் கட்டம் இல்ல. சனத்துக்குக் கட்டம் இல்ல. வெள்ளைத் துணிக்குக் கட்டம் இல்ல. நான் நேரத்தை எழுதினேன், இடத்தை எழுதினேன், திசையை எழுதினேன். ஆயுதம்கிற கட்டத்துல 'தெரியாது'ன்னு எழுதினேன். குடுத்துட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்."

"பிறகு?"

"அடுத்த நாள் அந்தக் குரல் வரல. அதுக்கடுத்த நாளும் வரல. அந்தப் பனையடியில என்ன நடந்திச்சுன்னு எனக்குத் தெரியாது, வல்லாஹி தெரியாது. ஆனா ஓரத்துல ஒரு வரி எழுதியிருக்கலாம். ஓடிப் போய் வாயால சொல்லியிருக்கலாம். மாத்தளைப் பிள்ளைன்னு தெரிஞ்சும் சொல்லல. எனக்கு நானாவோட சப்பாத்துதான் கண்ணுல நின்னிச்சு."

மிஸ் என்னை அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சா நல்லதுன்னு நெனச்சேன். அவங்க ரெண்டு கையாலயும் வண்டிக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, மூச்சு வாங்கி வாங்கி, சத்தமே இல்லாம அழுதாங்க. நான் வெளிய இறங்கி வெயில்ல நின்னேன். பேக்குக்குள்ள ஃபோன் அடிச்சிச்சு. மணி பதினொண்ணு பத்து. லக்கலையில காத்திருக்கிறவன்தான். அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சிச்சு, மிஸ் திரும்பிக்கூடப் பாக்கல.

"நளீம்."

தம்பின்னு சொல்லல. போய்க் கிட்ட நின்னேன்.

"அது எனக்கு வந்த கடிதம். பதினாறு வருஷமா பக்கத்து வீட்டில இருந்துகொண்டு எனக்குத் தராமல் வச்சிருந்தனீங்கள்."

"ஆமா மிஸ்."

"என்னோட கோயிலுக்கு வந்தனீங்கள். ஃபோர்ம் நிரப்பித் தந்தனீங்கள். எத்தினை ஃபோர்ம்!"

ரோட்டோரத்துல குந்திட்டேன்.

மிஸ் அந்தப் பொய்க் கடுதாசியை எடுத்து, பின்பக்கம் திருப்பி, உறுதி மேல வச்சு, பேனாவோட என் மடியில வச்சாங்க.

"எழுதித் தாங்கோ. அவன் சொன்னமாதிரி. ஒரு சொல்லும் விடாமல்."

ஃபோர்ம்ல எழுதாத எல்லாமே எனக்கு மனப்பாடம். பேனாவைத் திறந்து 'மாத்தளை'ன்னு தொடங்கப் போனேன்.

"மேல," மிஸ் சொன்னாங்க.

ஒரு சுழி போட்டேன். அது கோணலாப் போச்சு. அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டு போறப்ப, அவங்க விரல் அந்தச் சுழிக்குப் பக்கத்துல, வெறும் இடத்துல வந்து நின்னிச்சு.

"மற்றது," அவங்க சொன்னாங்க. "என்ரது."

போட்டேன்.